பத்தே மாதம் ஆண்டவன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் செஞ்சி நெருங்கினால் ஜன்னலோரம் சாய்ந்து பார்ப்பார்கள். பாறைகளை அள்ளிக் கொட்டியதுபோல ராஜகிரி எழுந்து நிற்கும். மடியில் பிள்ளை இருந்தால் தாத்தாவோ பாட்டியோ கை நீட்டுவார்: "அதோ, தேசிங்கு ராஜா கோட்டை!"

தேசிங்கு அந்தக் கோட்டையைக் கட்டவில்லை. 1714இல் ஏறக்குறைய பத்து மாதம் ஆண்டான், அவ்வளவுதான். அவனுக்கு முன்னே கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள் இருந்தார்கள். 1677இல் சிவாஜி கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் 1689இல் மாறுவேடத்தில் தப்பி வந்து, மராட்டிய அரசையே இங்கிருந்து நடத்தினார். முகலாயப் படை எட்டு வருஷம் முற்றுகையிட்டும் அவர் சிக்கவில்லை. செஞ்சியில் வாழ்ந்த பெரிய மனிதர்களை அளந்து பார்த்தால் ராஜாராமுக்குத்தான் முதலிடம். ஆனால் பஸ்ஸில் அந்தப் பேரை யாரும் சொல்வதில்லை.

தேசிங்கின் நிஜப்பெயர் தேஜ்சிங். புந்தேலா ராஜபுத்திரன். அப்பா சொரூப்சிங்குக்கு ஔரங்கசீப் செஞ்சியைக் கொடுத்திருந்தார். அப்பா இறந்ததும் வந்து பொறுப்பேற்ற பிள்ளையிடம் ஆற்காடு நவாப் சாதத்துல்லாகான் பாக்கிக் கப்பம் கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றான். சில நூறு குதிரை வீரர்களோடு நவாபின் பெரும்படைக்கு எதிரே போய் நின்று, 1714 அக்டோபர் 3 அன்று செத்தான். வயது 22. மனைவி உடன்கட்டை ஏறினாள். ராணிப்பேட்டை அவள் பேரால் வந்தது என்பார்கள்.

வரி கட்டாத ஒரு கோட்டைத் தலைவனின் கலகம், அதைப் போய்க் காவியமாக்கிவிட்டார்கள் என்று சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. இருக்கட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்துவது அவனுடைய சிநேகிதன். தேசிங்கைப் பற்றிய கதைப்பாட்டில் வரும் மகமத்கான் கல்யாண மாப்பிள்ளை. தேசிங்கிடமிருந்து ஓலை வருகிறது. பந்தலை விட்டு எழுந்து, நீலவேணி என்ற குதிரை மேல் ஏறி வருகிறான். முஸ்லிம் நவாபை எதிர்த்து இந்து நண்பனுக்காகச் சண்டை போட்டுச் சாகிறான். போர் நடந்த கடலிப் பக்கத்தில் அவன் சமாதி என்று ஊரார் இன்றும் காட்டுகிறார்கள். இந்து, முஸ்லிம் என்ற கணக்கு அந்தப் பாட்டில் எங்கேயும் குறுக்கே வருவதில்லை. செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில் பாறையில் குடைந்த ரங்கநாதர் முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி படுத்திருக்கிறார். போருக்கு விடை கேட்டு வந்த தேசிங்கைப் பார்க்க மனமில்லாமல்தான் திருப்பிக்கொண்டார் என்று அங்கே சொல்வார்கள். சாமியே தடுத்த சண்டைக்குத் தேசிங்கு போனான், கூடவே மகமத்கானும் போனான். இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேற்று மதத்துக்காரனைச் சந்தேகமாகப் பார்க்க வருமா?

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாமலிருந்து அங்கே உயிர் விட்டார். அதைச் சொல்லும் பழைய கல்வெட்டு பாறையில் இருக்கிறது, அருகிலேயே 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக இருக்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டாகக் கல்லில் இருந்தும் செஞ்சிக் கடைத்தெருவில் அவர் பேர் தெரிந்தவர்களைத் தேட வேண்டும். அவருக்குப் பாட்டு இல்லை. தேசிங்குக்கு இருந்தது. திருவிழாக் கடையில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்றது, கூத்தாக ஆடினார்கள், 1960இல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது.

என் பயமெல்லாம் அந்தப் பாட்டைப் பற்றித்தான். அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் வயதானவர்கள். பெரிய எழுத்துப் புத்தகம் கடைகளில் கண்ணில் படுவதே அபூர்வம். 2025 ஜூலையில் செஞ்சி உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து இது மட்டும். சந்தோஷம்தான். ஆனால் இனி வருகிறவர்களுக்குப் பலகையில் சிவாஜியும் ராஜாராமும் கிடைப்பார்கள். மகமத்கான் எந்தப் பலகையில் வருவான்? நாயக்கர், மராட்டியர் எல்லாருக்கும் கட்டடமோ ஆவணமோ சாட்சி இருக்கிறது. பந்தலை விட்டு எழுந்து வந்த அந்த மாப்பிள்ளைக்கு, ஊரார் காட்டும் சமாதியை விட்டால், பாடுகிறவர் குரல்தான் சாட்சி. அது போனால் அவன் இருந்தானா என்றே கேட்பார்கள்.

பாடத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு இந்த வருஷமே பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் கூத்து ஜமாக்கள் இன்னும் இருக்கின்றன. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலுக்கு எதிரே, வருஷத்துக்கு ஒரு ராத்திரி, அக்டோபர் 3 அன்று, விடிய விடிய தேசிங்கு கதை நடக்கட்டும். கடலியிலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் பாய் எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். நீலவேணி மேடையேறும் நேரத்துக்குத் தூங்குகிற பிள்ளைகளை உலுக்கி எழுப்புவார்கள்.