கடைக்காரர் கண்ணில் பினாங்குத் தீவு



சுற்றுலா என்று நம்மில் பலர் போய் வருவது உண்டு. பஸ்ஸில் ஏற்றிச் சென்று, ஓரிடத்தில் இறக்கி, பத்து நிமிடம் பார்க்க விட்டு, மறுபடியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிப் போகும். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. ஊரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அதற்கு நடந்து பார்ப்பதுதான் வழி. கூடவே அந்த ஊர் விவரம் அறிந்த ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த எண்ணத்தில் நாங்கள் நான்கு வியாபாரிகள் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய், அதன் தலைநகரமான ஜார்ஜ் டவுனைத் தனி வழிகாட்டி ஒருவருடன் அரை நாள் நடந்து பார்த்தோம். மளிகைக் கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அந்தத் தெருக்களில் நிறைய இருப்பதால் இதை எழுதுகிறோம்.

வழிகாட்டியை அமர்த்துவது

இருபது முப்பது பேர் சேர்ந்து போகும் நடைகளும் அங்கே உண்டு. நாங்கள் எங்களுக்கு மட்டும் என்று ஒருவரை அமர்த்திக்கொண்டோம். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மலேசிய அரசின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அதற்குரிய அடையாள அட்டையை அணிந்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கூலி தலைக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா என்பதை முன்னதாகவே பேசி முடித்துவிட வேண்டும். மூன்றாவது, நாம் என்ன தொழில் செய்கிறோம் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். நாங்கள் மளிகை வியாபாரிகள் என்று சொன்னதும் அவர், "அப்படியானால் உங்களுக்குச் சுவரில் வரைந்த படம் வேண்டாம் ஐயா, கடைத் தெருவைக் காட்டுகிறேன்" என்று வழியையே மாற்றிக்கொண்டார். அவர் தமிழர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருப்பவர்.

வெயில் கடுமையான ஊர். காலை 8 மணிக்கே கிளம்பிவிட்டோம்.

பாக்குத் தீவு

மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு, புலாவ் என்றால் தீவு. 'புலாவ் பினாங்' என்பது 'பாக்குத் தீவு'. நம் கடை அலமாரியில் இருக்கும் சரக்கின் பெயரே ஒரு மாநிலத்தின் பெயராகவும் இருக்கிறது.

இந்தத் தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இதைக் கைக்கொண்டார். எதிரி படையெடுத்து வந்தால் கம்பெனி துணைக்கு வரும் என்று நம்பித்தான் சுல்தான் இடம் கொடுத்தார். கம்பெனியோ அப்படி எழுதிக் கொடுக்கவே இல்லை. இடத்தைத் திரும்பப் பெற சுல்தான் 1791-இல் படை திரட்டினார், தோற்றார். கடைசியில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிஷ் வெள்ளி என்ற தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கார்ன்வாலிஸ் கோட்டையின் எதிரே நின்று இதைக் கேட்டபோது எங்களில் ஒருவர், "பத்திரம் எழுதும் முன்பே சாவியைக் கொடுத்துவிட்டார்" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

அங்கே இன்னொரு கதையும் சொல்கிறார்கள். காட்டை வெட்ட ஆட்கள் தயங்கினார்களாம். லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடும் ஆசையில் ஆட்கள் காட்டை வெட்டித் தள்ளினார்களாம். உண்மையோ பொய்யோ, ஆள் பிடிக்கத் தெரிந்த முதலாளியின் கதை.

ஊர் வளர்ந்ததற்குக் காரணம் அது சுங்கம் இல்லாத துறைமுகமாக இருந்ததுதான். வரி இல்லை என்றால் கப்பல் தானே வரும். சுமத்ராவின் அச்சே கரையிலிருந்து மிளகும் பாக்கும் வந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து துணி போயிற்று. சீனர், பர்மியர், சயாமியர், அரபியர், ஆர்மீனியர் எல்லோரும் அங்கே கடை விரித்தார்கள். தீவிலேயே மிளகு, ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களும் போட்டார்கள். 1860-ஆம் ஆண்டை ஒட்டி நோய் தாக்கி ஜாதிக்காய்த் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஆனாலும் தீவின் மேற்குப் பக்கத்தில் இன்றும் ஜாதிக்காய் விளைகிறது. நாம் கொட்டையையும் பத்திரியையும் மட்டுமே விற்கிறோம். அங்கே மேல் சதையைச் சர்க்கரையில் ஊறப்போட்டு விற்கிறார்கள், பானமாகவும் தருகிறார்கள். நாங்கள் குடித்துப் பார்த்தோம். சற்றுத் துவர்ப்பும் காரமும் சேர்ந்து வெயிலுக்கு இதமாக இருந்தது.

நம்மவர் சுவடுகள்

தமிழ் வியாபாரிகள் அங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த கடைக்காரர்களையும் உழைப்பாளிகளையும் பற்றி லைட் எழுதிய குறிப்புகளிலேயே செய்தி இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களைச் 'சூலியா' என்று அழைத்தார்கள். ஊரின் முக்கியமான தெரு ஒன்று இன்றும் சூலியா தெருதான்.

கப்பித்தான் பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. சமூகத் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகர் முன்னின்று அமைத்தது. சூலியா தெருவிலேயே நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது. அடக்கமானவர் நாகூரில் இருக்க, கடல் கடந்து போனவர்கள் அவர் நினைவை அங்கே கட்டி வைத்திருக்கிறார்கள். குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டு முதல் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பள்ளிவாசல் இருக்கும் தெருவிலேயே சீனரின் கருணை தேவி கோயிலும், அருகிலேயே 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயமும் உள்ளன. பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. அங்கிருந்துதான் இன்றும் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிறது.

அந்த நாளில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போனவர்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1973-இல் அந்தக் கப்பல் நின்றது. போனவர்கள் கொண்டு போன வழக்கங்கள் நிற்கவில்லை. தோளில் காவடித் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தமிழ் முஸ்லிம்கள் தெருவில் விற்ற சாப்பாடுதான் இன்று மலேசியா முழுவதும் 'நாசி கண்டார்' என்று பெயர் பெற்றிருக்கிறது. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டதும் அதுவே.

ஐந்தடிப் பாதை

எங்களை அதிகம் கவர்ந்தவை கடைகள்தான். கீழே கடை, மேலே குடும்பம் குடியிருக்கும் வீடு. இதைக் கடைவீடு என்கிறார்கள். முகப்பு ஏறத்தாழ 20 அடிதான் இருக்கும். உத்தரத்துக்குக் கிடைத்த மரத்தின் நீளம்தான் அந்த அளவை முடிவு செய்தது. உள்ளே போகப் போக நூறு அடிக்கு மேலும் நீளும். நடுவில் நம் முற்றம் போல வானம் பார்த்த இடம் உண்டு. வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வரும். சரக்கு பூஞ்சை பிடிக்காமல் இருக்க அது உதவுகிறது.

கடைக்கு முன்னால் மேலே கூரையுடன் ஒரு நடைபாதை. அகலம் ஐந்து அடி என்பதால் ஐந்தடிப் பாதை. மழையானாலும் வெயிலானாலும் வாடிக்கையாளர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நனையாமல் கடை கடையாகப் போகலாம். 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட திட்டத்திலிருந்து இது மற்ற ஊர்களுக்கும் பரவியது. இடம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? பாதையில் மூட்டையை அடுக்கினார்கள். 1888-இல் சிங்கப்பூரில் நகராட்சி அதைக் காலி செய்யச் சொன்னபோது கடையடைப்பு நடந்து கலவரமே மூண்டது. நம் ஊரில் ஆக்கிரமிப்பு அகற்றும் நாளன்று நடக்கும் வாக்குவாதம் எவ்வளவு பழையது பாருங்கள். பினாங்கில் இன்றும் சில இடங்களில் பாதையை அடைத்துச் சாமான் வைத்திருக்கிறார்கள், நாங்கள் தெருவில் இறங்கித்தான் நடந்தோம். பாதை திறந்திருக்கும் கடைகளில் கூட்டம் கூடுதலாக இருந்ததையும் கண்டோம்.

வாடகைச் சட்டம் போன பிறகு

இனி சொல்வதுதான் முக்கியம். ஆர்மீனியன் தெருப் பக்கம் வந்தபோது வரிசையாகக் காப்பிக் கடைகள், நினைவுப் பொருள் கடைகள், தங்கும் விடுதிகள். அரிசி, பருப்பு விற்கும் கடையைக் காணோம். காரணம் கேட்டோம்.

1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு மலேசியாவில் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வாடகை ஏறவே ஏறாது. கடைக்காரர்களும் மேல்மாடிக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். கடை கை மாறும்போது 'டீ மணி' என்று ஒரு தொகை கைமாறும். நாம் பகடி என்று சொல்வதுதான். வாடகை வராத கட்டடத்தை உரிமையாளர் பழுது பார்ப்பதில்லை. ஓடு ஒழுகும், காரை விழும். அதே சமயம் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டவும் முடியாததால் பழைய ஊர் அப்படியே நின்றது.

1997-இல் இந்தச் சட்டத்தை ரத்து செய்து, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு இல்லை என்றார்கள். வாடகை பல மடங்கு ஏறியது. முதலில் போனவை மேல்மாடிக் குடும்பங்கள். அவர்கள் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். குடும்பங்கள் போனதும் மளிகைக் கடையில் வாங்குவதற்கு ஆள் இல்லை. ஆக, வாடகை ஏறியது ஒரு அடி, வாடிக்கை போனது இரண்டாவது அடி. காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரன் குருவி வளர்த்துக் கூடு எடுக்கும் தொழில்கூட நடந்தது, பின்னர் பழைய நகரப் பகுதியில் அதைத் தடை செய்தார்கள்.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2012-இல் சுவரோவியங்கள் வந்தன. பயணிகள் குவிந்தார்கள். கட்டடங்களுக்குப் புதுச் சாயம் வந்தது, விலையும் ஏறியது. கட்டடம் பிழைத்தது. அதில் வியாபாரம் செய்தவர்களில் பலர் பிழைக்கவில்லை.

மார்க்கெட் தெருவும் பினாங்குத் தெருவும் சேர்ந்த 'லிட்டில் இந்தியா' பகுதி மட்டும் வேறு மாதிரி. மசாலா, ஊதுவத்தி, பூமாலை, பாத்திரம், புடவை என்று நம் ஊர்க் கடைவீதி போலவே இருந்தது. பூசைச் சாமானுக்கும் மசாலாவுக்கும் சுற்றுவட்டாரமெல்லாம் அங்கேதான் வருகிறார்கள். ஒரு மளிகைக் கடையில் நின்று பேசினோம். அறுபதைத் தாண்டியவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். "அண்ணே, சட்டம் போகப் போவுதுன்னு ரெண்டு வருசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. பாதிப் பேர் நம்பல. எங்கப்பா மட்டும் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசி, வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் குடுத்து, வக்கீல்கிட்ட எழுத்து வாங்கிட்டார். இந்த வரிசையில அப்ப இருந்தவங்கள்ல நாங்க மட்டும்தான் மிச்சம்" என்றார். மிளகாய் அரைத்த வாசனையோடு அவர் சொன்னது எங்கள் மனதில் தங்கிவிட்டது.

கடைசியாகக் கடலோரத்தில் மரக்கால்கள் மேல் கட்டிய சீனக் குலத்தாரின் படகுத்துறை வீடுகளைப் பார்த்தோம். நிலத்தில் இல்லாததால் நிலவரி இல்லை. குடும்பங்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கின்றன. திண்ணையிலேயே சிறு கடைகள் வைத்திருக்கிறார்கள். ஆள் குடியிருக்கும் இடத்தில் கடையும் நிலைக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

இது அயல்நாட்டுச் சங்கதி என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். தமிழ்நாட்டிலும் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை என்பது இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தப்படிதான். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். எழுத்து இல்லாமல் இருப்பதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகலாம். "அப்பா காலத்திலிருந்து இருக்கிறோம், வீட்டுக்காரர் நல்லவர்" என்று வாய்ப்பேச்சில் ஓட்டுகிறவர்கள் நம் கடைவீதிகளில் இன்னும் பலர்.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது: வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா, எப்போது முடிகிறது என்பதை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வாடகையை ரசீது வாங்கியோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் கடையைச் சொந்தமாக்கிக்கொள்ளப் பாருங்கள். சந்தேகம் உள்ளவர்கள் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது.

பினாங்குக்குப் போகிறவர்கள் சுவரோவியத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. பிறகு மார்க்கெட் தெருவுக்கும் போய், அங்கே இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மவர் கடையில் கால் கிலோ மிளகாவது வாங்கி வாருங்கள். வியாபாரி வியாபாரியிடம் வாங்குவதுதான் மரியாதை.