பென்ஷன்: கொடையா, கடனா?

ஆய்க்குடி என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஆய் அண்டிரனின் ஞாபகம் வரும். கடையெழு வள்ளல்களில் ஒருவன் அவன். பொதிய மலைச் சாரலில் இருந்த அவனுடைய ஊரைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். தென்காசிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்தான் அது என்பது இங்குள்ளோர் துணிபு. வந்தவர்க்கு யானைகளை வாரி வழங்கியவன் என்று அவனைப் போற்றுவார்கள். மனம் உவந்தால் கொடுப்பான். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கொடையின் இலக்கணமே அதுதான்.

சர்க்கார் ஊழியருக்குக் கிடைக்கும் பென்ஷனையும் நெடுங்காலம் இப்படி ஒரு கொடையாகவே பலர் எண்ணி வந்தார்கள். 1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, நகரா என்பவர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பென்ஷன் எஜமானனின் தயவு அன்று. முன்னே செய்த ஊழியத்துக்காகப் பின்னே கொடுக்கப்படும் ஊதியம் என்பது தீர்ப்பின் சாரம். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று கோடு கிழித்து, ஒரு சாராருக்கு மட்டும் புதிய சலுகை கொடுத்ததையும் அது செல்லாதென்றது. பென்ஷன்தாரர்கள் இன்றும் டிசம்பர் 17-ஐத் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நல்லது. பென்ஷன் கூலி பாக்கி என்றால், வேலை வாங்கியவர் கடன்காரர் ஆகிறார் அன்றோ? அந்தக் கடன் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது?

நமது மாநிலத்தின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தைப் பாருங்கள். ஊழியர் சம்பளத்துக்கு ஏறக்குறைய 90,000 கோடி ரூபாய். பென்ஷனுக்கும் ஓய்வுக் காலப் பலன்களுக்கும் 41,000 கோடி. வாங்கிய கடனுக்கு வட்டி 70,000 கோடி. வருமானமோ 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி. நூறு ரூபாய் வந்தால் அறுபது ரூபாய் இந்த மூன்று இனங்களுக்கே போய்விடுகிறது. 2026 மார்ச்சு முடிவில் மாநிலத்தின் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடிக்கு மேலிருக்கும் என்றும் அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஆனால் இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும், காவல் நிலையத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கும் இருபது வருஷம் கழித்துக் கொடுக்க வேண்டிய பென்ஷன் அந்தத் தொகையில் சேராது. சர்க்கார் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் கைமாறும் நாளில்தான் செலவு எழுதப்படும். எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர்கூடப் பற்றுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் தனியாக வைத்திருக்கிறார்!

இந்தக் கடனைக் கணக்கிட முடியாது என்று யாரேனும் சொன்னால், நமது தேசமே அதை ஒரு முறை கணக்கிட்டுத் தீர்த்த வரலாற்றை நினைவூட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் 'ஹோம் சார்ஜஸ்' என்ற பெயரில் வருஷா வருஷம் இங்கிலாந்துக்குச் சென்ற பணத்தில் ஒரு பெரும் பங்கு, இங்கே உத்தியோகம் பார்த்துவிட்டு அங்கே போய் ஓய்ந்திருந்த துரைமார்களின் பென்ஷன். தேசத்தின் செல்வம் வடிந்து போகிறது என்று தாதாபாய் நௌரோஜி ஆயுள் முழுதும் எடுத்துக் காட்டிய வடிகால்களில் இதுவும் ஒன்று. பெறுகிறவர் இங்கிருந்தால் பணம் தென்காசிக் கடைத்தெருவிலேனும் புரளும். அவர் லண்டனில் இருந்தாரே!

சுதந்திரம் வந்ததும் அந்தப் பென்ஷன்களை நாம் மறுத்துவிடவில்லை. இரண்டாவது மகா யுத்தத்தின்போது நாம் கொடுத்த பொருள்களுக்காகப் பிரிட்டன் நமக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தது. 1948 ஜூலையில் அதைப்பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அப்போது நிதி மந்திரி, கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். துரைமார்களுக்கு இனி வர வேண்டிய பென்ஷன் முழுவதையும் மதிப்பிட்டு, மத்திய சர்க்காருக்காக 14 கோடியே 75 லட்சம் பவுனும், மாகாணங்களுக்காக 2 கோடியே 5 லட்சம் பவுனும் அந்தப் பாக்கியிலிருந்து ஒரே தடவையில் ஒதுக்கினார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 224 கோடி ரூபாய். அந்த முதலைப் பெற்றுக்கொண்டு, வருஷந்தோறும் குறைந்துகொண்டே வரும் ஒரு தொகையைப் பென்ஷனுக்காகத் திருப்பித் தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

கடல் கடந்து போய்விட்ட அதிகாரிக்கு முதலை எடுத்துவைத்த இதே தேசம், ஊரிலிருக்கும் தன் சொந்த ஊழியர்களுக்கு ஒரு காசும் எடுத்துவைக்கவில்லை. அந்த வருஷத்து வரியிலிருந்து அந்த வருஷத்துப் பென்ஷன் என்றே காலம் ஓடியது. அன்று ஓடத்தான் செய்தது. பென்ஷன்தாரர் சிலர், ஆயுளும் சொற்பம். சுதந்திரம் பெற்றபோது நமது ஜனங்களின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போது அது 70-ஐ எட்டியிருக்கிறது. மகிழ வேண்டிய விஷயம். ஆனால் கஜானாவுக்கு இது வேறுவிதமாகத் தோன்றுகிறது.

2003 ஏப்ரல் 1-க்குப் பின் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று தமிழ்நாடு முடிவு செய்தது. சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்குப் பத்து ஊழியர் கட்ட வேண்டும். சர்க்கார் அதே அளவு போடும். பென்ஷன் முதலிய உரிமைகளுக்காக அந்த வருஷம் ஜூலையில் நடந்த வேலை நிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்து, பிறகு கோர்ட்டு வரை சென்று திரும்பியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களில், 2002-ல் சேர்ந்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுள் உள்ளவரை என்றும், 2004-ல் சேர்ந்தவருக்குச் சேர்ந்த தொகையும் வட்டியும் மட்டும் என்றும் ஆயிற்று. (நானும் பின்னே சேர்ந்தவன். ஆகையால் என் வாதத்தை வாசகர்கள் சற்றுத் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளலாம்.)

இங்கே ஒரு வினோதம் உண்டு. புதிய முறையில் சர்க்கார் தன் பங்கை இன்றே போட வேண்டும். பழைய பென்ஷன்தாரருக்கும் இன்றே கொடுக்க வேண்டும். செலவு இரட்டிப்பு. பழைய முறைக்குத் திரும்பினாலோ, தன் பங்கு இன்று மிச்சம். பில் வருவது முப்பது வருஷம் கழித்து, வேறொரு மந்திரியின் மேஜைக்கு! 2022 முதல் ராஜஸ்தானம், பஞ்சாப், ஹிமாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் திரும்ப முற்பட்டபோது இந்த ரொக்கக் கணக்கும் அதற்குத் துணை செய்தது. எல்லா மாநிலங்களும் அவ்வாறு திரும்பினால், மொத்தச் சுமை புதிய முறையின் சுமையைப்போல் நாலரை மடங்கு வரை ஆகலாம் என்று ரிசர்வ் பாங்கின் சஞ்சிகையில் 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது.

கடனை ஏட்டில் மறைப்பதால் நஷ்டப்படுகிறவர் கடைசியில் பென்ஷன்தாரரே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-ல் திவாலானபோது, ஓய்வு பெற்ற பொது ஊழியரின் பென்ஷனில் நூற்றுக்கு நாலரை வெட்டினார்கள். விலைவாசிக்கேற்ற உயர்வும் நின்றது.

2026 ஜனவரியில் நமது மாநிலத்தில் வெளியான உறுதிப் பென்ஷன் அறிவிப்பு நடுவழி ஒன்றைக் காட்டியது: கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி, ஊழியர் பத்துச் சதவிகிதம் கட்டுவார், குறைவதைச் சர்க்கார் நிரப்பும். குறையும் தொகை எவ்வளவு என்பதை வருஷந்தோறும் கணித நிபுணரைக் கொண்டு மதிப்பிட்டு, சட்டசபையில் கடனோடு கடனாக வைக்க வேண்டுமென்று ஊழியர் சங்கங்களே முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேட்க உரிமையுள்ளவர் இன்னொருவரும் இருக்கிறார். தென்காசி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். வைப்பு நிதி பிடிக்கப்பட்டவர்களுக்கு மத்திய சர்க்காரின் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். எந்தப் பிடிப்பும் இல்லாத முதியோருக்கு மாநிலம் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கிய உதவி, 2023-ல் 1,200 ஆயிற்று. சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் அந்தப் பெண் செலுத்தும் வரியும் மேற்சொன்ன 41,000 கோடியில் கலந்திருக்கிறது.