பழைய மரம் அறுக்கும் மெஷின்: பார்த்து வாங்குவோம், சீர் செய்வோம்

கேரளத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலை ஊர்கள் அந்த மாவட்டத்தில் உள்ளன. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வேலை செய்து வருகின்றன.

தேயிலைச் செடிகளின் நடுவே நிழலுக்காகச் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. விறகுக்காக யூக்கலிப்டஸ் மரங்களை வளர்க்கிறார்கள். ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கும். அதற்கு முன்பே ஆபத்தான கிளைகளைக் கழிக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் பாதை அடைபடும். லயத்து வீட்டின் மேல் விழுந்தால் உயிரே போகும். ஆகவே மலையில் மரவேலை தெரிந்தவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு.

முன்பு இந்த வேலைக்குக் கோடாரி இருந்தது. இரண்டு பேர் இழுக்கும் ரம்பம் இருந்தது. இப்போது பெட்ரோலில் ஓடும் மெஷின் வந்துவிட்டது. இதைச் ‘செயின் சா’ என்கிறார்கள். புதிய மெஷினின் விலை அதிகம். அதனால் பலர் பழைய மெஷினை வாங்குகிறார்கள்.

பழைய மெஷின் வாங்குவது தவறல்ல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மெஷின் ஓடினால் பாதி வேலைதான் முடிந்தது. நிறுத்த வேண்டிய நொடியில் அது நிற்கவும் வேண்டும்.

மெஷினின் பாகங்கள்

மெஷினின் முன்னால் நாக்குப் போல ஓர் இரும்புப் பட்டை நீண்டிருக்கும். அதன் பெயர் பார். பாரைச் சுற்றிப் பற்கள் உள்ள சங்கிலி ஓடும். என்ஜின் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும். பல்சக்கரம் சங்கிலியை இழுக்கும். முழு வேகத்தில் சங்கிலி ஒரு விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் தூரம் ஓடும்.

முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்கும். அது கையை மட்டும் காப்பதில்லை. அதை முன்பக்கம் தள்ளினால் பிரேக் பிடிக்கும். சங்கிலி உடனே நிற்கும்.

இந்தப் பிரேக் எதற்கு? பாரின் நுனியில் மேல்பக்கம் மரத்தில் பட்டால் மெஷின் திடீரென்று மேலே எகிறும். ஓடும் சங்கிலி முகத்தை நோக்கி வரும். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும். யோசித்து விலக நேரம் இருக்காது. அப்போது காப்பாற்றுவது இந்தப் பிரேக்தான்.

வாங்கும் முன் பாருங்கள்

விற்பவர் மெஷினை ஓட்டிக் காட்டுவார். சத்தம் நன்றாக இருக்கும். அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுங்கள். கைக்கு நல்ல எதிர்ப்புத் தெரிய வேண்டும். கயிறு தளர்வாக வந்தால் பிஸ்டனோ ரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

2. என்ஜின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே பிஸ்டன் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் வாங்காதீர்கள். அதைச் சரி செய்யச் செலவு அதிகம்.

3. ஆக்சிலேட்டரை விட்டு என்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். அப்போது சங்கிலி நகரக் கூடாது.

4. மெஷினைத் தரையில் வையுங்கள். பார் எதிலும் படக் கூடாது. இரண்டு கைகளாலும் உறுதியாகப் பிடியுங்கள். வேகத்தைக் கூட்டுங்கள். கையை எடுக்காமல் இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளுங்கள். சங்கிலி உடனே நிற்க வேண்டும்.

5. மிகப் பழைய சில மெஷின்களில் பிரேக்கே கிடையாது. சிலவற்றில் தடுப்பு உடைந்து போயிருக்கும். பிரேக் இல்லாத மெஷின் சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

முதல் செலவு பிரேக்குக்கு

மெஷினை வாங்கியதும் பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். உள்ளே மரத்தூளும் எண்ணெயும் கட்டியாக அப்பிக் கிடக்கும். பிரஷ்ஷால் முழுவதும் சுத்தம் செய்யுங்கள். பல மெஷின்களில் இந்த அழுக்கால்தான் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை.

பிரேக்கின் உள்ளே ஓர் இரும்புப் பட்டை வளைந்திருக்கும். அது தேய்ந்து மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். இதில் வலுவான ஸ்பிரிங் உண்டு. கழற்றும்போது தெறித்துக் கண்ணில் படலாம். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பாரின் அடியில், மெஷினை ஒட்டி ஒரு சிறிய கொக்கி இருக்கும். சங்கிலி அறுந்தால் அது கையில் அடிக்காமல் இந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். பழைய மெஷின்களில் இது உடைந்திருக்கும். சிறிய பொருள்தான். தவறாமல் மாற்றுங்கள்.

பெட்ரோலும் காற்றும்

இந்த என்ஜினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றக் கூடாது. அதற்குரிய 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். பல கம்பெனிகள் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று சொல்கின்றன. அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். சில பழைய மெஷின்களுக்கு 25 பங்குக்கு 1 பங்கு வேண்டும். அதாவது 1 லிட்டருக்கு 40 மில்லி. மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். புத்தகம் இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் கடையில் கேளுங்கள்.

இப்போது நம் நாட்டில் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பர் டியூபையும் கெடுக்கும். டியூபில் வெடிப்பு விழுந்தால் காற்று உள்ளே போகும். பெட்ரோலும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிராய்த்துவிடும். ஆகவே பழைய மெஷினில் பெட்ரோல் டியூபையும் டேங்கின் உள்ளே இருக்கும் ஃபில்டரையும் புதிதாகப் போடுங்கள். கார்புரேட்டரின் உள்ளே மெல்லிய ரப்பர் தகடு உண்டு. அது விறைத்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பல நாள் வேலை இல்லையா? டேங்கைக் காலி செய்து வையுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

ஏர் ஃபில்டரை வேலை நாள்தோறும் பாருங்கள். தூசியைத் தட்டிவிடுங்கள். கழுவக்கூடிய வகையாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ஜினின் நிலை தெரியும். முனை காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்பாகக் கரி படிந்திருந்தால் ஆயில் கூடுதல், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படி இருந்தால் மெஷினை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

சங்கிலியும் பாரும்

மரத்தூளைப் பார்த்தாலே சங்கிலியின் கூர்மை தெரியும். சீவல் சீவலாக விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவு போல விழுந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்கக் கூடாது. பெட்ரோல் வீணாகும். பார் சூடாகும். கை தளரும்.

சங்கிலியை உருட்டு அரத்தால் தீட்ட வேண்டும். சிறிய மெஷின் சங்கிலிகள் பலவற்றுக்கு 4 மில்லிமீட்டர் அரம் பொருந்தும். நடுத்தர மெஷின்களில் 4.8 அல்லது 5.2 மில்லிமீட்டர் அரம் வேண்டியிருக்கும். கடையில் சங்கிலியைக் காட்டி வாங்குங்கள்.

தீட்டும் முன் என்ஜினை நிறுத்துங்கள். கையுறை போடுங்கள். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் அரத்தைத் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். சாய்வு பெரும்பாலும் 30 டிகிரி. பல சங்கிலிகளில் பல்லின் மேலேயே கோடு இருக்கும். ஒரு பல்லுக்கு மூன்று முறை தீட்டினால் எல்லாப் பல்லுக்கும் மூன்று முறை தீட்டுங்கள். இல்லையென்றால் அறுப்பு ஒரு பக்கமாகக் கோணும்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அது முடிவு செய்கிறது. பல சங்கிலிகளில் அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். இதை அளக்கக் கடையில் தகடு கிடைக்கும். வேகமாக அறுக்கும் என்று நினைத்துச் சிலர் மேட்டை அதிகமாகத் தேய்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மெஷின் எகிறும்.

பாரின் பள்ளத்தில் சேரும் தூளை எடுங்கள். எண்ணெய் வரும் துளையைக் குத்தி விடுங்கள். அவ்வப்போது பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேயும்.

பல்சக்கரத்தையும் பாருங்கள். அதில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் சங்கிலி போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும்.

சங்கிலிக்குத் தனி எண்ணெய் உண்டு. வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் இரும்புப் பொடி இருக்கும். பம்பு கெடும். தோலுக்கும் கேடு.

எதைக் கூட்டலாம்? எதைக் கூட்டக் கூடாது?

“அண்ணே, நீளமான பார் போட்டால் பெரிய மரம் அறுக்கலாமே?” மெக்கானிக்கிடம் பலர் இப்படிக் கேட்பது உண்டு.

“தம்பி, என்ஜின் அதே என்ஜின்தானே? இழுக்க முடியாமல் திணறும். பார் நுனிக்கு எண்ணெயும் போதாது. முன்பக்கம் கனத்து உன் கையைத்தான் இழுக்கும்.” நல்ல மெக்கானிக் இப்படித்தான் பதில் சொல்வார்.

சத்தத்துக்காகச் சைலன்சரில் ஓட்டை போடக் கூடாது. காது கெடும். தீப்பொறி பறக்கும். கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

செலவு செய்ய வேண்டியது வேறு இடத்தில். கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ரப்பர் அல்லது ஸ்பிரிங் இருக்கும். அது அதிர்வைக் குறைக்கிறது. உடைந்திருந்தால் புதிது போடுங்கள். வருடக்கணக்கில் அதிர்வு தாங்கினால் விரல்கள் வெளுத்து மரத்துப் போகும். அந்தப் பாதிப்பு எளிதில் மாறாது. எகிறலைக் குறைக்கும் வகைச் சங்கிலியும் கடையில் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உடம்புக்குப் பாதுகாப்பு

லுங்கியோ வேட்டியோ கட்டிக்கொண்டு மெஷினைத் தொடக் கூடாது. இதற்கென்று தனிப் பேண்ட் உண்டு. அதன் உள்ளே நீளமான நார்கள் இருக்கும். சங்கிலி பட்டால் நார்கள் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்தும். ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ் ஆகியவையும் வேண்டும். இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். காதுக்கு மூடி இல்லாமல் வேலை செய்தால் மெல்ல மெல்லக் காது மந்தமாகும்.

மெஷினைத் தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீர்கள். ஏணியில் நின்று அறுக்காதீர்கள். ஒரு கையால் பிடிக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் மரம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே தொடுங்கள். சந்தனம் போன்ற சில மரங்களை அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். முதலில் வன அலுவலகத்தில் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவு செய்யுங்கள். முதலில் பிரேக். இரண்டாவது பேண்ட், ஹெல்மெட், காது மூடி. மூன்றாவது பெட்ரோல் டியூப், ஃபில்டர்கள். நான்காவது சங்கிலி, பார், பல்சக்கரம். பெயிண்ட் அடிப்பது கடைசி.

கணக்குப் போடுங்கள்

1. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்றால், 3 லிட்டருக்கு எவ்வளவு?

2. 1 லிட்டருக்கு 40 மில்லி என்றால், 5 லிட்டருக்கு எவ்வளவு?

விடை: 1. 60 மில்லி. 2. 200 மில்லி.