நாடாவின் கண்: எந்திரத்துக்குள் சாதி நுழைந்த வழி



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்டபடியே இருக்கும். மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைச் சுமந்து ஓடும் சிறு கட்டைக்கு நாடா என்று பெயர். எந்திரத்துக்குச் சாதி தெரியாது, ஆலை வந்தால் தீண்டாமை போய்விடும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை இந்த நாடாவை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

1920களின் பம்பாய்க்குப் போவோம். அங்கிருந்த பஞ்சாலைகளில் நம் மக்கள் நூற்புப் பிரிவில் வேலை செய்தார்கள். கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. காரணம் நாடாவில் இருந்தது. அதற்குள் இருக்கும் தார் நூல் தீர்ந்ததும் புதுத் தாரை வைத்து, நூல் முனையை நாடாவின் கண் வழியே வாயால் உறிஞ்சி வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாடாவில் பலருடைய வாய் படும். எங்கள் வாய் பட்ட நாடாவில் தலித் வாய் படக்கூடாது என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். தெருவில் இருந்த தீட்டு தறிக்குள் வந்தது இப்படித்தான்.

1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நெசவுப் பிரிவில் நம் மக்களுக்கும் வேலை உரிமை வேண்டும் என்பதைக் கோரிக்கையில் சேர்க்கும்படி அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயக்கத்தோடுதான் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இது அநீதியென்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் கை காட்டியதில் கதவு மூடியே இருந்தது.

வேறு கருவியே இல்லையா? இருந்தது. வாயால் உறிஞ்சும் நாடா காசநோயைப் பரப்பும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இலேயே சட்டம் போட்டு அதைத் தடை செய்தது. கையாலேயே நூல் கோக்கும் நாடா வந்துவிட்டது. தாரைத் தானே மாற்றிக்கொள்ளும் நார்த்ரப் தறி 1890களிலேயே விற்பனைக்கு வந்திருந்தது. அங்கே அதே எச்சிலில் நோயைப் பார்த்தார்கள், கருவியை மாற்றினார்கள். இங்கே தீட்டைப் பார்த்தார்கள், மனிதரை விலக்கினார்கள். எந்தக் கருவியை வாங்குவது, யாரை அதன் முன் நிறுத்துவது என்று முடிவு செய்தது நிர்வாகமும் சங்கமும் சாதியும்தான்.

1938இல் மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டிலும் அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார். தண்டவாள வேலையில் இருக்கும் நம் ஆள் ஏன் போர்ட்டர் ஆக முடியவில்லை? போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும். சாதி இந்து மாஸ்டர் அவரை வீட்டுக்குள் விடமாட்டார். ரயில் புதிது, அதை நடத்திய வழக்கம் பழையது.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது 1936இல். அதே ஆண்டில்தான் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். பின்னாளில் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் நிரந்தரத் தொழிலாளி குறைந்தார், கிராமத்து இளம்பெண் வந்தார். சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்ற பெயர்களில் மூன்று வருட ஒப்பந்தம், விடுதி வாசம், முடிவில் மொத்தத் தொகை. வந்தவர்களில் பெரும்பகுதி தலித் பெண்களும் பிற ஏழைப் பெண்களும். கதிர்கள் மூன்று ஷிப்டும் சுற்றுவது உண்மை. ஆனால் பெண்ணை விடுதிக்குள் பூட்டி வை என்று எந்தக் கதிரும் கேட்கவில்லை. கூப்பிட்ட நேரத்துக்கு ஆள் வேண்டும், சங்கம் கூடாது என்ற நிர்வாகக் கணக்கு அது.

அந்தக் கணக்கையும் மாற்ற முடியும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அதன் பின் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. பாலின, சாதிய வன்முறைக்கு எதிராக ஆலைத் தளத்திலேயே பயிற்சி பெற்ற தொழிலாளிகள் கண்காணிக்கத் தொடங்கினார்கள். தையல் எந்திரம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த அதிகாரம் மாறத் தொடங்கியது.

மாணவ நண்பர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர் கிராமங்களிலிருந்து மில் வேலைக்குப் போகும் அக்காமார்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். புது எந்திரம் வந்தபோது வேலை யாருக்குப் போனது? அதைப் பழகிக்கொள்ள யாரை அனுப்பினார்கள்? துடைக்கிற, கூட்டுகிற வேலையில் யார் நின்றுபோனார்கள்? தறி யார் பெயரில் இருக்கிறது? சங்கக் கமிட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கேட்டதை எழுதி வையுங்கள்.

நாடா இல்லாத தறிகள் வந்துவிட்டன. இனி நூலை யாரும் வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தறிக்கு முன்னால் யார் நிற்பது என்ற கேள்வியை எந்திரம் தீர்த்து வைக்காது. அதற்கு நாம்தான் சேர்ந்து நிற்க வேண்டும்.