ஷட்டர் ரிப்பேர்: நூறா, ஆயிரமா, பதினாயிரமா?

வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

சென்னை தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலை, செனடாப் சாலைப் பக்கம் உள்ள தெருக்களில் பழைய தனி வீடுகள் இன்னும் சில உண்டு. அவற்றின் ஓரத்தில் கார் ஷெட் இருக்கும். சில ஷெட்டில் கார் நிற்கும். சில ஷெட் தையல் கடையாகவோ, இஸ்திரிக் கடையாகவோ மாறி இருக்கும்.

உள்ளே எது இருந்தாலும், முன்னால் பெரும்பாலும் இருப்பது இரும்பு ஷட்டர்தான்.

ஷட்டர் ஒழுங்காக ஓடும் வரை அதை யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் காலையில் அது பாதியில் சிக்கிக்கொள்ளும். இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது.

ஷட்டர்காரர் ஒருவர் வருவார். "கிரீஸ் போட்டால் போதும்" என்பார். இன்னொருவர் வருவார். "மொத்தத்தையும் மாற்ற வேண்டும்" என்பார்.

யார் சொல்வது சரி? எவ்வளவு செலவு ஆகும்?

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கிரீஸ் போடும் வேலை என்றால் செலவு நூறுகளில் முடியும். ஸ்பிரிங் மாற்றும் வேலை என்றால் ஆயிரங்களில் போகும். புது ஷட்டர், மோட்டார் என்றால் பதினாயிரங்களில் நிற்கும்.

உங்கள் வீட்டு வேலை இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டால் போதும். பாதிப் பணம் மிச்சம்!

எப்படி ஓடுகிறது?

ஷட்டர் என்பது ஒரே தகடு அல்ல. நீளமான பல பட்டைகள் ஒன்றோடு ஒன்று கோத்து நிற்கின்றன. இரண்டு பக்கமும் சேனல் என்ற இரும்புப் பள்ளம் உண்டு. பட்டைகளின் ஓரம் அதற்குள் ஓடும். மேலே ஒரு பைப் உண்டு. ஷட்டர் அதில் பாய் போல சுருண்டுகொள்ளும். அந்தப் பைப்பில்தான் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன.

ஸ்பிரிங் எதற்கு?

8 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஷட்டரை எடுத்துக்கொள்வோம். தகட்டின் கனம் 0.9 மில்லி மீட்டர். வெறும் தகட்டின் எடையே 40 கிலோவைத் தாண்டும். மடிப்பும் அடிச்சட்டமும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

அதை வீட்டில் உள்ள பெண்களும் முதியவர்களும் தூக்க முடிகிறதே, எப்படி? ஷட்டரை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, பாரத்தைத் தானே தூக்குகிறது. நம் கை கொஞ்சம் துணை செய்தால் போதும்.

நூறு ரூபாய் வேலை

ஷட்டர் கிறீச்சிடுகிறது, இறுக்கமாக ஓடுகிறது என்றால் முதலில் சேனலைப் பாருங்கள். தூசியும் பழைய கிரீசும் சேர்ந்து கட்டி தட்டி இருக்கும். சுரண்டி எடுத்து, துடைத்து, புது கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். சேனல் கோணி இருந்தால் தட்டி நேராக்கலாம்.

கார் இடித்து ஒரு பட்டை நசுங்கிவிட்டதா? மொத்த ஷட்டரையும் மாற்றத் தேவை இல்லை. பட்டைகளைப் பக்கவாட்டில் உருவி எடுக்கலாம். நசுங்கிய பட்டையை மட்டும் எடுத்துவிட்டு வேறு பட்டை கோக்கலாம்.

துருவுக்கும் இதே வைத்தியம்தான். சென்னையில் கடல் காற்று உண்டு. மழைக் காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்குவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரில் பல வீடுகளின் வாசலில் தண்ணீர் நின்றது. இப்படி நிற்கும் தண்ணீர் முதலில் அரிப்பது அடிச்சட்டத்தையும் கீழ்ப் பட்டைகளையும்தான். மேலே உள்ளவை நன்றாக இருந்தால் கீழே உள்ளதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

ஆயிரம் ரூபாய் வேலை

ஷட்டர் திடீரென்று கனத்துப் போனால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது என்று பொருள். நல்ல நிலையில் உள்ள ஷட்டர் பாதியில் கையை எடுத்தால் தடாலென்று விழாது. மேலேயும் பாயாது.

இந்த வேலையில் ஸ்பிரிங்கின் விலை ஒரு பகுதிதான். மேல் மூடியைக் கழற்றி, ஷட்டரை இறக்கி, பைப்பைத் திறந்து, மீண்டும் முறுக்கு ஏற்ற வேண்டும். இரண்டு ஆள் கூலி ஆகும்.

ஆகவே ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தால், மற்ற ஸ்பிரிங்குகளின் வயதையும் கேளுங்கள். எல்லாம் ஒரே காலத்தில் போட்டவை என்றால், ஒன்றாக மாற்றுவதே லாபம். கூலி ஒரு தடவையோடு போகும்.

கை வைக்காதீர்கள்!

கிரீஸ் போடுவதை வீட்டிலேயே செய்யலாம். ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்கவே கூடாது.

முறுக்கேறிய ஸ்பிரிங் சட்டென்று அவிழ்ந்தால் விரல் போகும். கை முறியும். பிடி இழந்த ஷட்டர் கீழே நிற்பவர் தலையில் விழும். சில நூறு ரூபாய் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரியில் பல ஆயிரம் கட்ட வேண்டாம். ஸ்பிரிங் வேலை நடக்கும்போது குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

ஒரே ரேட், இரண்டு பில்!

புது ஷட்டருக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசுவார்கள். அது சில நூறு ரூபாய். இரும்பு விலை ஏறினால் இதுவும் ஏறும். ஆனால் ரேட்டைவிட முக்கியம், அளவு.

வாசல் 8 அடி அகலம், 7 அடி உயரம். ரேட் 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 56 சதுர அடி. 14,000 ரூபாய்.

பட்டறைக்காரர் வேறு விதமாகவும் அளப்பார். சேனலுக்குள் போகும் தகட்டுக்காக அகலத்தில் அரை அடி சேர்ப்பார். மேலே சுருளும் தகட்டுக்காக உயரத்தில் ஓர் அடி சேர்ப்பார். எட்டரை அடிக்கு எட்டு அடி, 68 சதுர அடி. 17,000 ரூபாய்!

இரண்டோடும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால், முதல் பில் 16,520 ரூபாய். இரண்டாவது பில் 20,060 ரூபாய். பேசியது ஒரே ரேட். வித்தியாசமோ 3,540 ரூபாய்.

இது ஏமாற்று அல்ல. அவ்வளவு தகடும் உண்மையில் தேவைதான். மத்திய பொதுப்பணித் துறையோ வாசலின் திறப்பை மட்டுமே அளந்து பணம் தருகிறது. இரண்டு முறையும் உலகத்தில் உண்டு. எந்த முறை என்று முன்பே கேட்காததுதான் தவறு.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. பில்லில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பர் கூடினால் தகடு மெல்லிசு

தகட்டின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. நம்பர் கூடக் கூடத் தகடு மெல்லிசாகும்.

22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லி மீட்டர். 20 கேஜ் சுமார் 0.9. 18 கேஜ் சுமார் 1.2. 20 கேஜைவிட 18 கேஜில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு அதிகம். அதனால்தான் விலையும் அதிகம். விலை மலிவு என்றால் முதலில் கேஜைக் கேளுங்கள்.

மோட்டார் தேவையா?

மேலே தூக்கும் கார் ஷெட் கதவை 1921-ம் ஆண்டு அமெரிக்காவில் சி. ஜி. ஜான்சன் என்பவர் உருவாக்கினார். 1926-ல் அவரே அதை இயக்க மின்சார மோட்டாரும் செய்தார். இன்று பட்டனை அழுத்தினால் ஷட்டர் ஏறும் வசதி சென்னையிலும் உண்டு.

ஆனால் எல்லோருக்கும் அது தேவை இல்லை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248 சொல்வது என்ன? 8 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 86 சதுர அடி வரை, கையால் தள்ளும் சாதாரண ஷட்டரே போதும். 12 சதுர மீட்டர் வரை பால் பேரிங் போட்டுக் கையாலேயே ஓட்டலாம். அதற்கு மேல்தான் கியர். ஒரு கார் நிற்கும் ஷெட் பெரும்பாலும் முதல் கணக்கிலேயே அடங்கிவிடும்.

முதுகு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் மோட்டார் போடலாம். அப்போது இரண்டு கேளுங்கள். மின்சாரம் நின்றால் கையால் ஏற்றச் சங்கிலி உண்டா? கீழே குழந்தை நின்றால் ஷட்டர் தானே நிற்குமா?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட் கதவு மோட்டார்களுக்கு 1993-ம் ஆண்டு முதல் இந்தப் பாதுகாப்பு கட்டாயம். நம் வீட்டுக் குழந்தை அதற்குக் குறைந்தது அல்ல.

எழுதி வாங்குங்கள்

வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதி வாங்க வேண்டும். எந்த அளவு முறை? எத்தனை கேஜ்? எத்தனை ஸ்பிரிங்? கூலியும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? எத்தனை மாதம் உத்தரவாதம்?

இரண்டு மூன்று பேரிடம் இதே ஐந்தையும் கேட்டால், யார் சொல்வது நியாயம் என்று தாளே சொல்லிவிடும்.

பில் கையில் இருந்தால் வேலை கெட்டாலும் வழி உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை.

இத்தனைக்கும் மேலாக, மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை சேனலைத் துடைத்துக் கிரீஸ் போடுங்கள். நூறு ரூபாயில் முடிவது ஆயிரத்துக்குப் போகாது.