பனிக்காட்டில் குரங்கு என்ன தின்னும்?

காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிமேட்டில் மார்கழி பிறந்தால் விடியற்காலையில் பனி இறங்கும். பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். வெயில் ஏறினால் குளிர் பறந்துவிடும். வாழை குலை தள்ளும், முருங்கை தழைக்கும். இந்தப் பக்கத்தில் குரங்கு பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

ஆனால், குளிர்காலத்தில் மரத்தில் ஓர் இலைகூட இல்லாத காடுகள் உண்டு. தரை தெரியாமல் வெண்பனி மூடியிருக்கும். அங்கும் குரங்குகள் வாழ்கின்றன! அவை எதைத் தின்கின்றன?

உடம்பே குதிர்!

ஜப்பானில் ஹோன்ஷு தீவின் வடகோடியில் ஷிமோகிடா என்ற இடம் இருக்கிறது. மனிதனை விட்டுவிட்டால், இதற்கு வடக்கே உலகில் எந்தக் குரங்கினமும் இயற்கையாக வாழவில்லை.

இலையுதிர் காலத்தில் காட்டில் கொட்டைகள் உதிரும். சிவந்த முகமுடைய இந்தக் குரங்குகள் அவற்றை வயிறு முட்டத் தின்னும். எறும்பைப் போலப் புற்றில் சேர்த்து வைக்க அவற்றுக்குத் தெரியாது. உடம்பிலேயே கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். உடம்புதான் குதிர்!

பனி கொட்டத் தொடங்கியதும் மரப்பட்டையும் மொட்டும்தான் சாப்பாடு. பட்டையைப் பல்லால் உரித்துத் தின்னும். வயிறு நிரம்பும், சத்துப் போதாது. சேர்த்த கொழுப்பு நாளுக்கு நாள் கரையும். வசந்தம் வருமுன் அது தீர்ந்துவிட்டால் சாவுதான். 1984-ல் கின்காசான் என்ற ஜப்பானியத் தீவில் கடும்பனி பெய்தது. பல குரங்குகள் மடிந்தன.

வெந்நீர் ஊற்றில் குளிக்கும் ஜப்பானியக் குரங்குகளின் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். அவற்றுக்கு மனிதர்களே தீனி போடுகிறார்கள். அது வேறு கதை.

மீனும் உண்டு

அதே நாட்டில் கமிகோச்சி என்ற மலைப் பள்ளத்தாக்கு, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நிலத்தடி ஊற்று கலப்பதால் சில ஓடைகள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அங்குள்ள குரங்குகளின் மலத்தை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். நீர்ப்பூச்சிகளும் டிரவுட் மீனும் அவற்றின் உணவில் இருந்தது தெரிந்தது! இந்த ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று.

கல்பாசிச் சாப்பாடு

சீனாவின் யுன்னான் மாநிலத்திலும் திபெத்திலும் 3,000 மீட்டருக்கு மேலே மட்டமூக்குக் குரங்குகள் வாழ்கின்றன. மரக்கிளைகளில் தாடி போலத் தொங்கும் ஒருவகைப் பாசிதான் அவற்றின் முக்கிய உணவு. குழம்பு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அதற்கு உறவு அது. வருடம் முழுவதும் கிடைக்கும். ஆனால் மிக மெதுவாக வளரும். ஒரு மரத்தில் மேய்ந்துவிட்டால் மறுபடி வளரப் பல வருடம் ஆகும். ஆகவே கூட்டம் ஊர் ஊராகப் போவது போல நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய மரங்களை வெட்டினால் அவற்றின் சோற்றுப்பானை உடைந்தது போலத்தான்.

இதெல்லாம் எப்படிச் செரிக்கிறது? மாட்டுக்கு இருப்பதுபோல இந்த இனத்துக்கும் அறை அறையாகப் பிரிந்த இரைப்பை உண்டு. அதில் வாழும் நுண்ணுயிர்கள், கடினமான இலையையும் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. காஷ்மீரில் ஸ்ரீநகருக்கு அருகே உள்ள தாச்சிகாம் காட்டு லங்கூர்களும் இதே வம்சம். குளிர்காலத்தில் அவை பட்டையையும் மொட்டையும் தின்று காலம் தள்ளுகின்றன.

நம் நீலகிரியில்

நீலகிரியின் கருமந்தியும் இவற்றுக்கு உறவுதான். உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். கருமந்தி சோலைக்காட்டின் இலை, பூ, காய்களைத் தின்னும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேட்டில் மரத்தின் இலையையும் தின்னப் பழகிக்கொண்டது. சில இடங்களில் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள்ளும் புகுந்தது.

குளிரை வென்ற கருமந்தி, மனிதனிடம் தோற்றது. 'கருங்குரங்கு லேகியம்' என்ற மருந்துக்காக அதைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த லேகியத்தால் நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டையைத் தடை செய்தது.

மலைக்குப் போகிறவர்கள் அதை எளிதில் அடையாளம் காணலாம். உடம்பு பளபளக்கும் கறுப்பு, தலைமயிர் மஞ்சள் கலந்த பழுப்பு, வால் நீளம். ஆனால் சாலையோரக் குரங்கைப் போலக் கை நீட்டி வராது. ஆளைக் கண்டால் கிளைக்குக் கிளை தாவி மறைந்துவிடும்.