மாத்திரை போட்டும் ஹெச்ஐவி குறையலையா? வைரஸின் மரபணுவே காரணம் சொல்லும்

தாம்பரம் சானடோரியம் என்றதும் பலருக்கு ரயில் நிலையம்தான் ஞாபகம் வரும். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் அங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 2004 ஏப்ரலில் இலவச ஏஆர்டி மருந்து கொடுக்கத் தொடங்கிய நாட்டின் முதல் மையங்களில் ஒன்று.

மருந்து இலவசமா கிடைக்குது, அப்புறம் என்ன சிக்கல்? ஹெச்ஐவி தன்னை நகலெடுக்கும்போது நிறைய எழுத்துப்பிழை விடும். மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டால், மருந்துக்குத் தப்பிக்கும் பிழை கொண்ட வைரஸ் பெருகிவிடும். மாமல்லபுரம் விடுதியில் ஷிப்ட் வேலை, அறையில் கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்... டோஸ் தவறுவதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வைரல் லோடு மில்லிக்கு 1,000-ஐத் தாண்டினால், முதலில் மாத்திரையை ஒழுங்காகப் போடவைத்து மறுபரிசோதனை செய்வார்கள். அப்பவும் குறையலைன்னா சீக்வென்ஸிங் கைகொடுக்கும். மருந்து குறிவைக்கும் என்சைம்களுக்கான மரபணுப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படிப்பதுதான் அது. எம்184வி என்ற மாற்றம் இருந்தால் லாமிவுடின் சரியாக வேலை செய்யாது. கே103என் இருந்தால் எஃபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டுமே அவுட்.

பலருடைய முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் கண்காணிப்பு. புதிதாகச் சிகிச்சை தொடங்குபவர்களில் 10 சதவீதம் பேருக்கு எஃபாவிரென்ஸ் வகைக்கு எதிர்ப்பு இருந்தால், முதல்கட்ட மருந்தையே மாற்றச் சொன்னது உலக சுகாதார நிறுவனம், 2017-ல். இப்போது இந்தியாவில் முதலில் கொடுப்பது டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரை.

ஒரு விஷயம்: மருந்தை நிறுத்திய சில வாரங்களில் பழைய வைரஸே மறுபடி மேலோங்கி, மாறிய வைரஸ் சோதனையில் சிக்காமல் போகலாம். அதனால் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும்.